பதினேழு நாள் அணிந்த அளவு

ஒன்பதாம் வகுப்புப் பெண்கள் ஓட மாட்டேன் என்று சொன்னதில்தான் எல்லாம் ஆரம்பித்தது.

நான் திருச்சியில் ஒரு பெண்கள் பள்ளியில் விளையாட்டு ஆசிரியை. பெயர் தமிழரசி, வயது நாற்பத்தாறு. ஏழாம் வகுப்பு வரை மைதானத்தைக் காலால் கிழித்துக்கொண்டு ஓடுகிற பிள்ளைகள், எட்டு ஒன்பது வந்ததும் வயிற்று வலி, தலை வலி என்று வேப்ப மரத்தடியில் உட்கார்ந்துவிடுவார்கள். பல வருடங்களாக நானும் திட்டித்தான் எழுப்பிக்கொண்டிருந்தேன். போன வருடம் காவியா என்ற பெண்ணைத் தனியே கூப்பிட்டுக் கேட்டேன். மாவட்டப் போட்டிக்குப் போயிருக்க வேண்டிய பெண் அவள்.

"ஓடுனா வலிக்குது மிஸ்" என்றாள்.

"எங்க?"

தலையைக் குனிந்துகொண்டாள். "குலுங்குது மிஸ். எல்லாரும் பாக்குறாங்க."

விசாரித்தால், அவள் போட்டிருந்தது அம்மாவின் பழைய பிரா. பின்பக்கம் ஊக்கு குத்தி இறுக்கியிருந்தாள். வகுப்பில் பாதிப் பேருக்கு இதே கதை. கடைக்குப் போனால் அம்மாதான் குரலைத் தணித்து ஒரு எண்ணைச் சொல்வாள். அந்த எண் எங்கிருந்து வந்தது என்று யாருக்கும் தெரியாது.

ஒரு வெள்ளிக்கிழமை கதவைச் சாத்திக்கொண்டு ஒரு வகுப்பு எடுப்பது என்று முடிவு செய்தேன். வீட்டிலேயே எப்படி அளவெடுப்பது, பொருத்தமானதை எப்படித் தேர்ந்தெடுப்பது. பிறகுதான் எனக்கே உறைத்தது. நானும் இருபது வருடமாகக் கடையில் "முப்பத்தெட்டு" என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தேன். கல்யாணத்துக்கு முன்னால் எங்கள் அக்கா சொன்ன எண் முப்பத்தாறு. உடம்பு போட்ட பிறகு நானாகவே இரண்டு கூட்டிக்கொண்டேன், அவ்வளவுதான்.

ஞாயிற்றுக்கிழமை காலை. என் கணவர் பன்னீர்செல்வம் காய்கறி வாங்க சத்திரம் பேருந்து நிலையப் பக்கம் போயிருந்தார். ஸ்ரீரங்கத்தில் மேலூர் ரோட்டுப் பக்கம் எங்கள் வாடகை வீடு. படுக்கையறைக் கதவைத் தாழிட்டு, தையல் பெட்டியிலிருந்து டேப்பை எடுத்து, பீரோ கண்ணாடி முன்னால் நின்றேன்.

முதலில் மார்புக்குக் கீழே விலாவைச் சுற்றி அளக்க வேண்டும். மூச்சை வெளியே விட்டுவிட்டு, டேப்பைச் சற்று இறுக்கமாக, முன்னும் பின்னும் ஒரே மட்டத்தில் பிடிக்க வேண்டும். எனக்கு முப்பத்துநான்கு வந்தது. அதுதான் பட்டையின் அளவு. பிராவைத் தாங்குவது அந்தப் பட்டைதான், தோள் வார் இல்லை. பட்டை தளர்வாக இருந்தால் பின்பக்கம் மேலே ஏறும், பாரமெல்லாம் தோளில் இறங்கும். என் இரண்டு தோளிலும் விரல் பதிகிற மாதிரி பள்ளம் விழுந்திருந்ததற்குக் காரணம் அன்றைக்குத்தான் தெரிந்தது.

அடுத்து, மார்பின் எடுப்பான இடத்தைச் சுற்றித் தளர்வாக அளக்க வேண்டும். அது முப்பத்தெட்டு. இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தில் ஒவ்வொரு அங்குலத்துக்கும் ஒரு எழுத்து. ஒன்று என்றால் ஏ, இரண்டு பி, மூன்று சி, நான்கு டி. நான் முப்பத்துநாலு டி. இருபது வருடமாக வேறு யாருடைய அளவையோ மாட்டிக்கொண்டு திரிந்திருக்கிறேன் என்று நினைத்து எனக்குள்ளேயே சிரித்தேன்.

கொஞ்சம் முன்னால் குனிந்தும் ஒரு முறை அளந்து பார்த்தால் கணக்கு இன்னும் சரியாக வரும் என்று படித்திருந்தேன். குனிந்தேன். கண்ணாடியில் வலது பக்கம் தன் போக்கில் தொங்கியது. இடது பக்கம் அப்படித் தொங்கவில்லை. கீழ்ப்புறத்தில் உள்ளேயிருந்து யாரோ நூலைக் கட்டி இழுத்த மாதிரி ஒரு குழி. டேப்பை நகர்த்தினேன். அந்த இடத்தில் அது சறுக்கவில்லை. விரலால் அழுத்தினால் புளியங்கொட்டை அளவுக்கு ஏதோ ஒன்று, கெட்டியாக. வலியே இல்லை.

வெளியே கேட் திறக்கும் சத்தம் கேட்டது. டேப்பைச் சுருட்டிப் பெட்டியில் போட்டுவிட்டுப் போய்க் கத்தரிக்காய் நறுக்கினேன்.

நான்கு நாள் அவரிடம் சொல்லவில்லை. ஐந்தாம் நாள் சாப்பிட்டுக்கொண்டிருந்தவரிடம் சொன்னேன். கையிலிருந்த சோற்றை அப்படியே தட்டில் வைத்தார்.

"எதாச்சும் கொழுப்புக் கட்டியா இருக்கும்" என்றார். பிறகு கை கழுவிக்கொண்டு வந்து, "நாளைக்கு நான் லீவு போட்டுடறேன், அரசி" என்றார்.

துவாக்குடியில் ஒரு இரும்புப் பட்டறையில் அவருக்கு வேலை. தகடு அளந்து வெட்டி, குழாய் பொருத்துகிற வேலை. எனக்குத் தெரிந்து காய்ச்சலுக்குக்கூட லீவு போட்டதில்லை.

மருத்துவமனையில் முதலில் மேமோகிராம் எடுத்தார்கள். மார்பை இரண்டு தட்டுக்கு நடுவே வைத்து அழுத்தி எக்ஸ்ரே எடுப்பதற்கு அந்தப் பெயர். சில நொடிதான், ஆனால் அந்தச் சில நொடி பல்லைக் கடித்துக்கொள்ள வேண்டும். அப்புறம் ஸ்கேன். அப்புறம் பயாப்ஸி. மரத்துப்போக ஊசி போட்டுவிட்டு, தடித்த ஊசி ஒன்றை உள்ளே செலுத்தி, கட்டியிலிருந்து நூல் நூலாகச் சதையை எடுத்து ஆய்வுக்கு அனுப்புவார்கள். எடுக்கும்போது ஸ்டேப்ளர் அடிக்கிற மாதிரி சத்தம் வரும். அந்தச் சத்தத்துக்குத்தான் நான் அதிகம் பயந்தேன்.

இவை எதையும்விட என்னை வதைத்தது ஒரு கேள்வி. ஒவ்வொரு அறையிலும் ஒரு படிவம். ஒவ்வொரு படிவத்திலும் அதே கேள்வி. "எத்தன பிள்ளைங்கம்மா? பால் குடுத்தீங்களா? எவ்ளோ மாசம்?" அந்த விவரம் அவர்களுக்குத் தேவை, ஒருத்தர்கூட மனம் நோகக் கேட்கவில்லை. எங்களுக்குப் பிள்ளை இல்லை. "இல்ல, இல்ல" என்று மூன்று முறை சொன்ன பிறகு, நான்காவது இடத்தில் பதில் சொல்ல வாய் வரவில்லை. அவர்தான் சொன்னார், "எங்களுக்கு இல்லைங்க" என்று. 'இவங்களுக்கு' என்று சொல்லவில்லை. அந்த ஒரு சொல்லை அன்று முழுவதும் மனதில் வைத்துக்கொண்டிருந்தேன்.

பயாப்ஸி முடிவு வர ஒரு வாரம் ஆகும் என்றார்கள். அந்த வாரத்து வெள்ளிக்கிழமைதான் நான் குறித்து வைத்திருந்த வகுப்பு. தள்ளிப்போடலாமா என்று யோசித்தேன். அப்புறம் எடுக்க முடியாமல் போய்விட்டால்?

கதவைச் சாத்தினேன். சட்டைக்கு மேலேயே டேப்பைச் சுற்றி என்னையே அளந்து காட்டினேன். முதலில் வாயைப் பொத்திச் சிரித்த பிள்ளைகள், கொஞ்ச நேரத்தில் நோட்டில் குறித்துக்கொள்ள ஆரம்பித்தார்கள். பின் பெஞ்சிலிருந்து ஒருத்தி எழுந்தாள்.

"மிஸ், உங்க சைஸ் என்ன மிஸ்?"

மற்றவர்கள் அவளைத் திரும்பிப் பார்த்தார்கள்.

"முப்பத்திநாலு டி" என்றேன். "இதுல என்ன ரகசியம்? செருப்பு சைஸ் சொல்றதில்லையா?"

கொல்லென்று சிரித்தார்கள். முடிக்கும்போது ஒன்று மட்டும் சேர்த்துச் சொன்னேன். "அளக்கும்போது கண்ணாடியில நல்லா பாருங்க. ஏதாவது குழி, கட்டி, தோல் சுருங்கின மாதிரி தெரிஞ்சா வெக்கப்படாம அம்மாகிட்ட சொல்லுங்க. உங்க அம்மாவையும் பாத்துக்கச் சொல்லுங்க." என் குரல் மாறவில்லை. மாறவில்லை என்றுதான் நினைக்கிறேன்.

அன்று மாலை கடைக்குப் போய் என் சரியான அளவில் ஒன்று வாங்கினேன். மறுநாள் காலை பள்ளி திறப்பதற்கு முன்னாலேயே போய், அதை அணிந்துகொண்டு மைதானத்தை ஐந்து சுற்று ஓடினேன். தோளில் இழுப்பு இல்லை, முதுகில் ஏறவில்லை, எதையும் கையால் சரி செய்ய வேண்டியிருக்கவில்லை. என் உடம்பு என்னுடையதாக இருந்தது. நாற்பத்தாறு வயதில் எனக்கென்று பொருந்திய ஒன்றை நான் பதினேழு நாள்தான் அணிந்தேன்.

முடிவு வந்த அன்று, எனக்குச் சிகிச்சை செய்த பெண் டாக்டர் நாற்காலியை எங்கள் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டு பேசினார்.

"புற்றுநோய்தாம்மா. ஆனா அக்குளைத் தாண்டிப் போகல. கட்டி ரெண்டு இடத்துல இருக்கு. ஒன்னு காம்புக்குப் பின்னாலயே இருக்கு. அதனால கட்டிய மட்டும் எடுத்துட்டு விட முடியாது. மார்பு முழுசா எடுத்துடறதுதான் நல்லது."

என் கணவர் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். "எடுத்துட்டா இவங்க நல்லா இருப்பாங்களா டாக்டர்?"

"அதுக்குத்தானே எடுக்கறோம்?"

தலையை ஆட்டினார். ஆட்டோவில் திரும்பும்போது காவிரிப் பாலத்தில் நெரிசல். தண்ணீர் இரு கரையும் தொட்டுப் போய்க்கொண்டிருந்தது. நான் அதைப் பார்த்தேன். அவர் தன் உள்ளங்கையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அறுவைச் சிகிச்சைக்கு முதல் நாள் துறையூரிலிருந்து எங்கள் அக்கா இந்திரா வந்தாள். வெங்காயம் பிடுங்குகிற நேரம், ஆள் கிடைக்காத நேரம். எல்லாவற்றையும் அப்படியே போட்டுவிட்டு இரண்டு பையோடு வந்து நின்றாள். வந்தவள் அழவில்லை. என்னை உட்கார வைத்து, எண்ணெய் தேய்த்து, ரெட்டைச் சடை பின்னிவிட்டாள்.

"ஸ்கூலுக்கா போறேன்?" என்றேன்.

"படுத்தே கெடக்கணும்ல? சிக்கு விழாம இருக்கும். பேசாம இரு."

கண் விழித்தபோது நெஞ்சு முழுவதும் கட்டு. பக்கவாட்டிலிருந்து ஒரு குழாய் வந்து, அதன் நுனியில் பல்பு மாதிரி பிளாஸ்டிக் குடுவை. உள்ளே ஊறுகிற நீர் தேங்காமல் வெளியேறுவதற்கு அது. அக்குளிலிருந்து சில நிணநீர் முடிச்சுகளையும் எடுத்திருந்தார்கள். உடம்புக்குள் வடிகட்டி போல இருக்கிற சின்னச் சின்ன முடிச்சுகள் அவை. நோய் பரவினால் முதலில் அங்கேதான் தங்கும் என்பதால் எடுத்துப் பார்ப்பார்களாம். இனி அந்தக் கையில் ஊசியோ ரத்த அழுத்தப் பட்டையோ போடக் கூடாது என்றார்கள்.

வீட்டுக்கு வந்த பிறகும் பத்து நாள் குடுவை கூடவே இருந்தது. தினமும் எத்தனை மில்லி வந்தது என்று அளந்து எழுத வேண்டும். அதை அவர் ஏற்றுக்கொண்டார். குடுவையை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, கண்ணைச் சுருக்கிக் கோட்டைப் பார்த்து, காலண்டர் தாளின் பின்னால் குறித்து வைப்பார். ஒரு மில்லி பிசகாது. குடுவையைப் பார்ப்பார், தாளைப் பார்ப்பார். என்னைப் பார்க்க மாட்டார். கட்டு மாற்றும்போது வெளியே போய்விடுவார். அக்காதான் துடைத்து, கட்டி, உடுத்திவிட்டாள்.

ஹாலில் பாய் விரித்துப் படுக்க ஆரம்பித்தார்.

"தூக்கத்துல என் கை பட்டுடுச்சுன்னா?" என்றார். நியாயம்தான் என்று எனக்கும் பட்டது.

பிறகு கீமோ. மூன்று வாரத்துக்கு ஒரு முறை, மொத்தம் ஆறு. நரம்பு வழியாக மருந்து சொட்டுச் சொட்டாக ஏறும். கண்ணுக்குத் தெரியாமல் எங்காவது தங்கியிருக்கக்கூடிய நோயை அழிப்பதற்கு அது. இரண்டாவது முறைக்குள் முடி கொட்டியது. நாக்கில் எல்லாமே ஆணியைச் சப்பிய மாதிரி இருந்தது. அவர் எங்கெங்கோ அலைந்து எலுமிச்சை மிட்டாய் வாங்கி வந்து தலைமாட்டில் வைத்துவிட்டுப் போவார். வைத்துவிட்டுப் போய்விடுவார்.

அந்தக் காத்திருப்பு அறையில்தான் பாலக்கரை மும்தாஜ் பழக்கமானார். அவருக்கு இரண்டு வருடத்துக்கு முன்னால் அறுவை நடந்தது. சோதனைக்காக வந்துபோவார். என் சேலைத் தலைப்பு எப்போதும் இடது பக்கம் இழுத்து மூடியிருப்பதைக் கவனித்துவிட்டு, பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"உள்ள என்ன வெச்சிருக்கீங்கம்மா?"

"பஞ்சு."

"பஞ்சு வேணாம்மா. கனமே இருக்காது, மேல ஏறிக்கும். ஒரு பக்கம் கனம், ஒரு பக்கம் ஒன்னுமில்லைன்னா தோள் சாஞ்சிடும், முதுகு வலி எடுக்கும். நான் ஒரு வருசம் பருத்தித் துணியில பை தைச்சு கம்புத் தானியம் போட்டு வெச்சிருந்தேன். இப்ப சிலிகான்ல கெடைக்குது. அதை வைக்கறதுக்கு உள்பக்கம் பை வெச்ச பிரா தனியா விக்குது. காயம் நல்லா ஆறட்டும், ஒடம்பு ஒரு நிலைக்கு வரட்டும். அப்புறம் அளவெடுத்து வாங்குங்க, இன்ஷா அல்லாஹ்."

"அளவெடுக்கக் கை தூக்க முடியலையே."

"வீட்டுக்காரரை எடுக்கச் சொல்லுங்க."

நான் தலைப்பை இன்னும் இழுத்துவிட்டுக்கொண்டேன். அவர் என் முகத்தைப் பார்த்துவிட்டுக் குரலைத் தணித்துக்கொண்டார். "எங்க வூட்டுக்காரரும் ஆறு மாசம் பக்கத்துல வரலம்மா. அவங்களுக்கு நம்மளைவிட பயம்."

கீமோ முடிந்தது. அக்கா துறையூர் திரும்பினாள். முடி அரை அங்குலம் முளைத்தது. தினம் ஒரு மாத்திரை, மூன்று மாதத்துக்கு ஒரு சோதனை என்று நாட்கள் ஒரு ஒழுங்குக்கு வந்தன. பாய் மட்டும் ஹாலிலேயே இருந்தது.

எதற்கு ஏங்கினேன் என்று வெளிப்படையாகவே சொல்லிவிடுகிறேன். என்னைப் போல நோயிலிருந்து மீண்டு வந்தவர்கள் இதை ஒருவரிடமும் சொல்லாமல் வைத்திருப்பார்கள் என்று எனக்குத் தெரியும். போன மார்புக்காகக்கூட நான் அவ்வளவு ஏங்கவில்லை. முன்பெல்லாம் பஸ்ஸில் உட்கார்ந்தால் அவர் தோள் என் தோளில் இடித்துக்கொண்டே வரும். தள்ளி உட்காருங்களேன் என்பேன். இப்போது ஆட்டோவில் எங்கள் இருவருக்கும் நடுவில் ஸ்கேன் ஃபைல் உட்கார்ந்து வரும். காபி டம்ளரைக் கொடுத்தால் விளிம்பைப் பிடித்து வாங்குவார். என் விரல் அவர் விரலில் பட்டு எத்தனை மாதம் ஆயிற்று என்று ஒருநாள் எண்ணிப் பார்த்தேன். எட்டு. கீமோ வார்டில் எத்தனையோ கைகள் என்னைத் தொட்டன. எல்லாமே நரம்பு தேடிய கைகள்.

ஒரு சனிக்கிழமை மதியம் அவர் சீக்கிரமே வந்துவிட்டார். நான் படுக்கையறையில் டேப்போடு போராடிக்கொண்டிருந்தேன். இடது கை தோள் உயரத்துக்குத்தான் எழும்பியது. பின்னால் கொண்டுபோகிற டேப் ஒவ்வொரு முறையும் நழுவியது. நான்காவது முறை நழுவியதும் கூப்பிட்டுவிட்டேன்.

"என்னங்க, கொஞ்சம் வாங்க. அளவெடுக்கணும்."

பட்டறைப் பையிலிருந்து இரும்பு டேப்பை எடுத்துக்கொண்டு வந்தார். "ஜன்னலா?"

"எனக்கு."

வாசலிலேயே நின்றார். நான் முதுகைக் காட்டித் திரும்பிக்கொண்டு ரவிக்கையைக் கழற்றினேன். "அது வேணாம். துணி டேப் இந்தா இருக்கு. கீழ சுத்திப் பிடிங்க. மட்டமா இருக்கணும்."

மட்டம் என்றதும் அவருக்குத் தெரிந்த வேலையாகிவிட்டது. பின்னால் வந்து நின்று கச்சிதமாகப் பிடித்தார்.

"எண்ணூத்தி முப்பது" என்றார்.

"என்னது?"

"எண்ணூத்தி முப்பது எம்எம்."

எட்டு மாதத்தில் முதல்முறையாக எனக்கு அடக்க முடியாமல் சிரிப்பு வந்தது. "இது குழாய் இல்லைங்க! அங்குலத்துல சொல்லுங்க."

"முப்பத்திரெண்டே முக்கால்." அவர் குரலிலும் ஒரு சின்னச் சிரிப்பு.

இப்போது மேல் அளவு. ஒரு பக்கம் எடுத்தவர்களுக்குச் சுற்றி அளந்தால் சரி வராது. நடு முதுகெலும்பிலிருந்து, இருக்கிற மார்பின் எடுப்பான இடம் வழியாக, நடு நெஞ்சு வரைக்கும் அளந்து, வருவதை இரண்டால் பெருக்க வேண்டும். மும்தாஜ் சொல்லிக் கொடுத்திருந்தார்.

"ஒரு முனையை நான் முதுகில பிடிச்சுக்கறேன்" என்றேன். "இன்னொரு முனைக்கு நீங்க முன்னால வரணும்."

வந்தார். டேப்பை நடு நெஞ்சில் வைத்தார். வைத்துவிட்டுப் பார்க்காமல் இருக்க முடியாது, அளவைப் படிக்க வேண்டும்.

"பதினெட்டரை" என்றார். அவர் கண் எண்ணிலிருந்து மெதுவாக இடது பக்கம் போயிற்று. அக்குளிலிருந்து நெஞ்செலும்பு வரைக்கும் போகிற கோட்டை, இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை பார்த்தார். நான் மறைத்துக்கொள்ளவில்லை.

"தையல் நேரா வந்திருக்கு" என்றார், பட்டறையில் பற்றவைத்ததைப் பார்த்துச் சொல்கிற மாதிரி. அதற்கு மேல் உதடு கோணிக்கொண்டது. "நான் பாத்தா உனக்குச் சங்கடமா இருக்கும்னு நெனச்சேன், அரசி."

"உங்களுக்குப் பாக்கப் பிடிக்கலைன்னு நான் நெனச்சேன்."

"பிடிக்கலையா?" என்றார். அந்தச் சொல்லை முதல்முறை கேட்பவர் போல இருந்தது. டேப்பைக் கீழே விட்டார். தழும்பேறிய, இரும்பு வாசனை அடிக்கிற வலது கையை லுங்கியில் துடைத்துக்கொண்டு, தழும்பின் மேல் வைத்தார்.

அறுவையின்போது தோலுக்குப் போகிற சிறு நரம்புகளும் அறுந்துபோகும். சில பேருக்குக் கொஞ்சம் திரும்பும், சில பேருக்குத் திரும்பாது. அவர் கை அங்கே இருப்பதை நான் கண்ணால் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன்.

"வலிக்குதா?"

"இல்ல."

"தெரியுதா?"

"இல்லங்க. அங்க ஒன்னும் தெரியாது."

கையை எடுக்கவில்லை. ஒரு விரற்கடை மேலே நகர்த்தினார். "இப்ப?"

"இல்ல."

இன்னும் கொஞ்சம். "இப்ப?"

தலையை ஆட்டினேன். அவசரமே இல்லாமல், அரை விரல், அரை விரலாக மேலே வந்தார். காரை எலும்புக்குச் சற்றுக் கீழே வந்தபோது முதலில் சூடு தெரிந்தது. அப்புறம் விரல் நுனியின் சொரசொரப்பு.

"இங்க?" என்றார்.

"இங்க தெரியுது" என்றேன்.

அதற்கு மேல் அவர் கையை நகர்த்தவில்லை.